முகாமில் பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமை எடுப்பது எப்படி?

2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் சண்டை மூண்டபோது ராமேஸ்வரத்துக்கு வள்ளமேறிய திருகோணமலைக் குடும்பங்கள் பல. திரும்பி வந்தவர்களில் கனபேரிடம் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை?

அங்கே பிறந்ததால் மட்டும் இந்தியக் குடியுரிமை வராது. 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்திருந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரில் அந்தச் சட்டம் இன்னும் இறுகிவிட்டது.

இலங்கைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, பிறக்கும்போது தகப்பன் இலங்கைப் பிரஜையாக இருந்தால் பிள்ளைக்கு வம்சாவழிப் பிரஜாவுரிமை உண்டு. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கையராக இருந்தாலும் போதும். ஆனால் பிறப்பைப் பதிந்தால்தான் அது கைக்கு வரும். தவணை ஒரு வருடம். தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் கூடுதல் காலம் தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே "வருஷம் கடந்துட்டுது, இனி ஏலாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகாமில் இருந்ததை விடப் பெரிய காரணம் என்ன வேண்டும்?

இன்னும் அங்கே இருப்பவர்கள் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியலாம். இங்கே வந்துவிட்டவர்கள் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள் எல்லாம் கேட்பார்கள்.

உண்மையில் ஆட்களை அலைக்கழிப்பது பெயர்தான். தகப்பன் இங்கே செல்வராசா. முகாம் பதிவில் செல்வராஜ், முன்னால் ஒற்றை இனிஷியல். பிள்ளையின் சான்றிதழிலும் அதுவே ஏறியிருக்கும். இருவரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்கலாம்தான், ஆனால் எல்லா இடத்திலும் அது எடுபடாது. தமிழ்நாட்டில் இருக்கும்போதே சான்றிதழ் தந்த உள்ளூராட்சி அலுவலகத்தில் திருத்தி எடுப்பதுதான் நல்லது.

அப்புறம், பிள்ளை ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கும் வயது வந்து, அதற்கு அடையாள அட்டை தேவைப்படும்வரை காத்திருக்க வேண்டாம். வெளிநாட்டில் பிறந்தவருக்கு அடையாள அட்டை எடுக்கப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேண்டும். பத்தரமுல்லைக்குப் போகும்போது மூலப் பத்திரங்களையும் கொண்டுபோங்கள்; போட்டோக் கொப்பியை மட்டும் பையில் வைத்துக்கொண்டு இரவு பஸ் ஏறினால் திரும்பவும் ஒரு தரம் ஏற வேண்டிவரும்.