துப்பாக்கி விளையாட்டும் பிள்ளையின் கோபமும்

தலவாக்கலைக்கு அருகேயுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் மகன் இரவு வெகுநேரம் கைத்தொலைபேசியில் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறான். தோற்றால் தங்கையை அடிக்கக் கை ஓங்குகிறான். தாயத்துக் கட்டும்படி லயத்தில் சொல்கிறார்கள். சுட்டு விளையாடும் பிள்ளை நாளை உண்மையிலேயே வன்முறையில் இறங்கிவிடுவானா என்று கேட்கிறார். தாயத்துக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். கேள்விக்கான விடை, கோபத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

யாரையாவது அடித்துக் காட்டும்படி ஆய்வுகூடத்தில் கேட்க முடியாது. ஆகவே, சிறிது நேரம் விளையாடி முடித்தவரைக் கணினியின் முன் அமர்த்தி, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, அடுத்த அறையில் இருப்பவருடன் போட்டி என்கிறார்கள். சமிக்ஞை தோன்றியதும் பொத்தானை முதலில் அழுத்துபவர் வெல்வார். தோற்றவரின் காதில் இரைச்சல் ஒலிக்கும். அது எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை எதிராளி தீர்மானிப்பார். உண்மையில் அடுத்த அறையில் எவருமில்லை. யார் எப்போது வெல்வது என்பதைக் கணினி முன்னரே வகுத்து வைத்திருக்கிறது. விளையாடியவர் அந்த இல்லாத எதிராளிக்கெனத் தெரிவுசெய்யும் இரைச்சலே அவருடைய மூர்க்கத்தின் அளவு. தீங்கிழைக்கும் விருப்பத்தை, எவருக்கும் பெருந்தீங்கின்றி எண்ணாக மாற்றும் இந்த ஏற்பாட்டை நான் இன்றும் வியக்கிறேன்.

ஆனால் எந்த எண்? முதற்சுற்றின் சத்தமா, எல்லாச் சுற்றுகளின் சராசரியா, சத்தத்தை நேரத்தால் பெருக்கி வருவதா? ஜெர்மானிய உளவியலாளர் மால்ட்டே எல்சன் தொகுத்துப் பார்த்தபோது, வெளியான ஆய்வுகளில் இந்த ஒரே சோதனைக்கு 150இற்கும் அதிகமான கணக்கிடும் முறைகள் இருந்தன. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கும் கிலோவை நினைத்தபடி மாற்றினால் எந்த எண்ணையும் எழுதிவிடலாம் என்பது மலையகத்தில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணக்கிடும் முறையைத் தரவைப் பார்க்குமுன்னரே பதிவுசெய்துவிடுவது இதற்குச் சரியான மருந்து. அவ்வாறு பதிவுசெய்து, 14, 15 வயதுடைய ஏறத்தாழ 1,000 பிரித்தானியப் பிள்ளைகளை ஆராய்ந்த ஒக்ஸ்போர்ட் ஆய்வு, 2019இல் வன்முறை விளையாட்டுகளுக்கும் பிள்ளைகளின் மூர்க்கத்துக்கும் இடையே எந்தத் தொடர்பையும் காணவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல், சத்தமிடுதல், தள்ளுதல் போன்றவற்றுடன் சிறிய தொடர்பு உண்டு என்றும், வன்முறைக்கு இவ்விளையாட்டுகளைக் காரணமாக்கப் போதிய சான்றில்லை என்றும் அறிவித்தது.

அந்தக் கை ஓங்கலுக்கு 2011இல் வெளியான கனடிய ஆய்வொன்று ஓரளவு விளக்கம் தருகிறது: போட்டியின் கடுமை சமமாக இருந்தபோது, வன்முறையுள்ள விளையாட்டும் இல்லாத விளையாட்டும் வேறுபடவில்லை, மூர்க்கத்தைக் கூட்டியது போட்டியே. ஃப்ரீ ஃபயரில் 50 பேர் தீவில் இறங்குகிறார்கள், தனித்து ஆடினால் ஒருவரே எஞ்சுகிறார். பிள்ளை பெரும்பாலும் தோற்கத்தான் செய்வான்.

இவை யாவும் மேலை நாட்டு ஆய்வுகள். முழுக் குடும்பமும் ஒரே லயன் அறையில் உறங்கும் எங்கள் பிள்ளைகளை ஆராய நமது பல்கலைக்கழகங்கள் நிதி ஒதுக்கியே ஆக வேண்டும்.

அம்மா, ஆட்டத்தின் நடுவே தொலைபேசியைப் பறிக்காமல், அந்தச் சுற்று முடிந்ததும் வாங்கி வையுங்கள். உறக்கம் குறைந்தாலே எரிச்சல் கூடும் என்பதால் இரவில் அது உங்களிடமே இருக்கட்டும். விளையாடாத நாட்களிலும் அவன் கை ஓங்கினால், பாடசாலையில் யாரேனும் அவனைத் துன்புறுத்துகிறார்களா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.