எண்பது கிலோ இழுப்பும் மூன்று மில்லிமீட்டர் பலகையும்

பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். படகுத் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறையில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தட்டை மேல்பலகை மாண்டலின் செய்கிறார். போன மாதம் போயிருந்தபோது, ஒரே அளவில் அறுத்த இரண்டு மெல்லிய பலகைகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் ஓரத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, நடுவில் விரல் கணுவால் ஒரு தட்டு. முதல் பலகை ‘டொக்’ என்றது. இரண்டாவது ‘டோ…ங்’ என்று இழுத்தது.

“எது பாடும், சொல்லு தம்பி?”

“ரெண்டாவதுதான் அங்கிள்.”

“ஏன்?”

பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். காதுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை.

மாண்டலினில் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். தாழ்ந்த ஜோடி 196 ஹெர்ட்ஸ், அப்புறம் 294, 440, 659. அடுத்தடுத்த ஜோடிகளுக்கு நடுவே ச–ப இடைவெளி. மேற்கத்திய வயலினுக்கும் இதே சுருதிதான். கம்பியின் அதிரும் நீளம் 35 சென்டிமீட்டர் இருக்கும். இவ்வளவு குட்டைக் கம்பியை இவ்வளவு உயரச் சுருதிக்கு ஏற்ற வேண்டுமென்றால் விறைப்பாக இழுத்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. 0.28 மில்லிமீட்டர் தடிமனுள்ள மேல் கம்பி ஒன்றை 659 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் இழுவிசை 10 கிலோவைத் தாண்டுகிறது. எட்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 80 கிலோ. உருவத்தில் பெரிய ஸ்டீல் கம்பிக் கிட்டாரே கிட்டத்தட்ட அவ்வளவுதான் தாங்குகிறது.

இந்த இழுப்பைச் சுமக்கும் மேல்பலகையின் தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குள்தான். சுமக்க மட்டும் என்றால் ஒரு சென்டிமீட்டர் பலகை போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் கம்பி தானாகச் சத்தம் போடுவதில்லை. அவ்வளவு மெல்லிய பொருளால் காற்றைத் தள்ள முடியாது. கம்பியின் அதிர்வை, அதைத் தாங்கி நிற்கும் குதிரை என்ற சிறு கட்டை வாங்கிப் பலகைக்குக் கொடுக்கிறது, அகலமான பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. கனத்த பலகை அசையாது, மெல்லிய பலகை உட்கார்ந்துவிடும். கைவினைஞர் இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் துணிந்து போயிருக்கிறார் என்பதுதான், என் கணக்கில், நல்ல மாண்டலினுக்கும் சும்மா மாண்டலினுக்கும் உள்ள வித்தியாசம். பாலிஷ், சிப்பிப் பதிப்பெல்லாம் அப்புறம்.

துணிச்சலுக்கு ஒரு கணக்கு உண்டு. பலகையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. மூன்று மில்லிமீட்டரை 2.7 ஆகச் சீவினால் எடை பத்து சதவீதம்தான் குறையும். விறைப்போ 27 சதவீதம் போய்விடும். பெரியவர் நாலு தடவை இழைப்புளி ஓட்டிவிட்டு நிறுத்தி, வளைத்துப் பார்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி இரண்டு தடவை ஓட்டுவது இதனால்தான். அரை மில்லிமீட்டர் அதிகமாகப் போனால் திரும்பி வர முடியாது.

மரமும் இங்கே முக்கியம். மேல்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரம். எடை தண்ணீரின் பாதிகூட இல்லை, ஆனால் ரேகை ஓடும் திசையில் அதற்குள் ஒலி ஓடும் வேகம் எஃகில் ஓடும் வேகத்துக்குக் குறையாது: நொடிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல். ரேகைக்குக் குறுக்கே அதே மரம் பத்து மடங்குக்கும் மேல் தளர்வு. அதனால்தான் ரேகையைக் கம்பிகளோடு நீளவாக்கில் வைத்து, உள்பக்கம் குறுக்கே இரண்டு மூன்று கட்டைகளை ஒட்டுகிறார்கள். சிலர் பெருக்கல் குறி வடிவில் ஒட்டுவதும் உண்டு. அந்த ‘டொக்’ பலகை பார்வைக்கு அழகு, ரேகையெல்லாம் நூல் பிடித்தாற்போல இருந்தது. ஆனால் தட்டிய சக்தியை உள்ளுக்குள்ளேயே வெப்பமாக விழுங்கிவிட்டது. மற்றது அதை அதிர்வாகவே வைத்திருந்தது. பெரியவர் கேட்ட ‘ஏனு’க்கு விடை இதுதான். அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை.

கீழ்ப்பலகைக்கு அவர் போடுவது பலாமரம். நம் வீணைக்கும் அதுதான், மலாய்க்காரர்களின் கம்பூஸ் வாத்தியத்துக்கும் அதுதான். நல்ல தேர்வு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குரலைத் தீர்மானிப்பதில் கீழ்ப்பலகையின் பங்கு மேல்பலகையைவிடக் குறைவு. அதன் அழகுக்காகக் கூடுதல் ரிங்கிட் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும்.

தட்டை மேல்பலகை என்று ஏன் தனியாகச் சொல்கிறோம்? பழைய நேப்பிள்ஸ் மாண்டலினின் முதுகு பாதி தர்பூசணி போலிருக்கும். அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் என்பவர் 1898-இல் காப்புரிமை வாங்கிய முறையில், கனமான கட்டையைக் குடைந்து வயலின் போல மேல்பலகைக்கு மேடு கொடுத்தார்கள். மேடு இருந்தால் முட்டையோடு மாதிரி வடிவமே பாரம் தாங்கும். தட்டைப் பலகைக்கு அந்தச் சலுகை இல்லை, உள்ளே ஒட்டிய கட்டைகள்தான் தாங்க வேண்டும். ஆனால் குடையும் வேலை மிச்சம், மரமும் மிச்சம், அதனால் கையால் செய்ததைக்கூட நம்மைப் போன்றவர்கள் வாங்க முடிகிறது. குரலும் வேறு. மேடு வைத்தது பொதுவாக வெடுக்கென்று பேசிச் சட்டென்று ஓயும். தட்டையானது கொஞ்சம் குழைவாகப் பேசி, நின்று ஓயும்.

குதிரை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். கம்பிகள் குதிரை மேல் ஏறி வளைந்து வால்பக்கத் தகட்டில் மாட்டியிருந்தால் பாரம் கீழ்நோக்கி அழுத்தும். வளைவு 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 80 கிலோ இழுப்பில் அழுத்தம் 20 கிலோ. கிட்டார் மாதிரி குதிரையிலேயே கம்பியை முடிந்திருந்தால் அது முறுக்கும்: குதிரைக்கு முன்னால் பள்ளம், பின்னால் மேடு. சன்னல் வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். லேசான மேடு பரவாயில்லை. ஒலித்துளைப் பக்கம் குழி விழுந்திருந்தால், எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்து ஒரு சோதனை, கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. ஒலித்துளைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல மேலே ஏறியபடி ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். ஓர் இடத்தில் பெட்டி உங்கள் குரலைப் பிடித்துக்கொண்டு கைக்குள் அதிரும். காலி பாட்டில் வாயில் ஊதினால் வருகிற ‘பூ…ம்’ போலத்தான் இதுவும். துளையில் இருக்கும் காற்று எடைக்கல், உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில். பெட்டி பெரிதானால் அந்தச் சுருதி இறங்கும், துளை பெரிதானால் ஏறும். மாண்டலினில் அது வழக்கமாகத் தாழ்ந்த ஜோடியின் 196 ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்தில் விழும். சின்னப் பெட்டிக்குக் கொஞ்சமாவது அடிக்குரல் கிடைப்பது இதனால்தான்.

ஜோடிக் கம்பியின் ரகசியம்தான் எனக்குப் பிடித்தது. ஒன்று 440, மற்றது 441 என்று நின்றால் நொடிக்கு ஒரு முறை ஒலி பெருகித் தேயும். கேட்டால் மினுங்குகிற மாதிரி இருக்கும். இன்னொன்றும் நடக்கிறது. இரண்டும் ஒரே திசையில் ஆடும்போது குதிரையைச் சேர்ந்து தள்ளுவதால் சத்தம் பெரிது, சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். எதிரெதிர்த் திசையில் ஆடினால் ஒன்று தள்ளுவதை மற்றது இழுத்துச் சரிசெய்துவிடும். குதிரை அசையாது, சக்தி கம்பியிலேயே தங்கி மெல்லக் கசியும். பியானோவின் ஜோடிக் கம்பிகளில் இது நடப்பதை 1977-இல் இயற்பியலாளர் கேப்ரியேல் வைன்ரைக் விளக்கினார். மாண்டலினில் முதலில் வரும் ‘டிங்’குக்குப் பின்னால் வால் போல நீள்கிற ஒலியிலும் அதன் சாயல் உண்டு. எனவே சுருதி சேர்க்கும்போது சுருதி மீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். ஜோடியை ஒன்றாக மீட்டி, வால் எப்படி ஓய்கிறது என்று கேளுங்கள்.

மாண்டலின் என்றதும் நமக்கு உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) நினைவுக்கு வருவார். அவர் ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசை வாசித்தார். இயற்பியல் கண்ணோடு பார்த்தாலும் அது சரியான முடிவு. கமகத்துக்கு இரண்டு கம்பியைச் சம அளவில் இழுப்பது பெரிய பாடு. பெட்டி மாண்டலினிலோ, சுரத்தை வளைத்து முடிப்பதற்குள் ஒலி ஓய்ந்துவிடும். கைவினைத் தட்டைப் பலகையில் ராகம் வாசிக்க ஆசைப்படுபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அதன் சுகம் வேறு இடத்தில் இருக்கிறது: மிடுக்கான மெட்டுகள், மழைத்துளி போல விடாமல் மீட்டுகிற நீண்ட சுரங்கள்.

சரி, பினாங்குக் காற்றுக்கு வருவோம். என் முதல் மாண்டலினை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன், காய்ந்த நாடு ஒன்றிலிருந்து வந்தது. மூன்று மாதம் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தேன். வந்தபோது பன்னிரண்டாம் மெட்டில் (ஃப்ரெட்) கம்பி உயரம் இரண்டு மில்லிமீட்டர். பிறகு மூன்றுக்கும் மேல். விரல் நுனி கன்றிப்போனது. நானே அரத்தை எடுத்துக் குதிரையைச் சீவித் தாழ்த்தினேன். அப்புறம் ஏர்கோன் அறைக்கு மாற்றினேன். இரண்டே வாரத்தில் கம்பிகள் மெட்டில் இடித்துக் ‘கிர்ர்’ என்றன.

நடந்தது இதுதான். வாத்தியங்களைப் பொதுவாக 45 சதவீத ஈரப்பதத்தில் ஒட்டுகிறார்கள். இங்கே சன்னலைத் திறந்தால் 80. அந்த வித்தியாசத்தில் மரம் தன் எடையில் இன்னும் ஆறேழு சதவீதம் தண்ணீர் குடிக்கிறது. 25 சென்டிமீட்டர் அகலப் பலகை கட்டற்றுக் கிடந்தால் இரண்டு மில்லிமீட்டர் விரியும். ஆனால் நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறதே, பக்கவாட்டில் போக இடமில்லை. அதனால் மேலே உப்பிக் குதிரையைத் தூக்கியது. ஏர்கோனில் காய்ந்ததும் இறங்கியது, குதிரையோ ஏற்கெனவே குட்டை.

பெரியவரிடம் காட்டியபோது திட்டவில்லை. “மரத்தைக் காய விட்டிருக்கணும் தம்பி, நீ குதிரைய வெட்டிட்ட” என்று மட்டும் சொன்னார்.

காய்ந்த காற்றில் ஒட்டியது இங்கே உப்பும். ஈரக் காற்றில் ஒட்டியது ஏர்கோனில் சுருங்கி வெடிக்கும். உப்பினால் சரிசெய்யலாம், வெடிப்பு நிரந்தரம். ஆகவே வாங்கும் முன் செய்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மரம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதல்ல, எந்த ஈரப்பதத்தில் ஒட்டினீர்கள் என்பது. பெரியவர் பலகைகளை, காமிரா வைக்கும் உலர்பெட்டி போலத் தானே செய்த அலமாரியில் வைத்து, 55 சதவீதத்துக்கு வந்த பிறகே கட்டைகளை ஒட்டுகிறார். பட்டறைக் காற்றும் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டும் நேரத்துக்குள்ளேயே பலகை ஈரம் வாங்கிவிடும் என்பார். இங்கே ஏர்கோனுக்கும் சன்னலுக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு அது தோதான இடம் என்றே எனக்குப் படுகிறது.

அந்த ‘டோ…ங்’ பலகையைத்தான் எனக்காக ஒதுக்கியிருக்கிறார். போன வாரமே கட்டைகளை ஒட்டியிருக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் போன் அடித்தேன். பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம்.

“மீட்டர் 82 காட்டுது தம்பி. வெயில் வரட்டும்.”