கொள்ளுக்குள் மீன் ருசி

மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் ஙப்பி சுடுவார். வாழையிலையில் பொதிந்து கரி நெருப்பில் வாட்டும்போது அந்த மீன் பசையின் வாடை மூன்றாவது மாடி வரை ஏறிவரும். யாங்கோனில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு அது பசியைக் கிளப்புகிற வாசனை. தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்தான். ஆனாலும் எங்கள் வீட்டுப் புளிக்குழம்பில் அப்பாயி காலத்திலேயே சுண்டைக்காய் அளவு ஙப்பி விழத் தொடங்கிவிட்டது. அது விழாத குழம்பு எங்கள் நாக்குக்குச் சப்பென்று இருக்கும்.

என் அத்தை அதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. காவடி விரதத்துக்காகக் கறி மீனை நிறுத்தியவர், விரதம் முடிந்த பிறகும் அவற்றுக்குத் திரும்பவில்லை. முதல் மாதம் சோறு இறங்காமல் தவித்தார். அப்போது பக்கத்து வீட்டு பர்மியப் பெண்மணி ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அவரை ‘அமா’ என்று அழைப்பார். பர்மிய மொழியில் அக்கா. புட்டிக்குள் தார் போலக் கறுத்த பசை. அத்தை சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது. “அமா, இது மீன் இல்லையே?” என்று இரண்டு முறை கேட்டார்.

மீன் இல்லை. கொள்ளு.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நாம் சொல்லுகிற அதே கொள்ளுதான். நடு பர்மாவின் வறண்ட நிலத்தில், பகான், ஞாவுங்-ஊ பக்கத்தில், அதைக் கொண்டு ‘போன்யேஜி’ என்கிற பசையைக் காய்ச்சுகிறார்கள். கொள்ளை நெடுநேரம் வேகவைத்து, சாற்றை வடித்து, அதைப் புளிக்க விட்டு, பிறகு அடுப்பேற்றிக் கிண்டிக் கிண்டிச் சுண்ட வைப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது உப்புக் கரிக்கும் கறுப்புப் பசை. வெந்த கொள்ளு மாட்டுக்குப் போய்விடும். நம் வீடுகளில் கொள்ளு ரசம் வைக்கச் சாற்றை இறுப்போமே, அதையே பல மடங்கு நீட்டிச் செய்வது போல.

கடலும் ஆறும் தெரியாத ஒரு பயறுக்குள்ளிருந்து மீனின் ருசி எப்படி வருகிறது?

பதில் குளுட்டமேட் என்ற பொருளில் இருக்கிறது. மீனானாலும் கொள்ளானாலும் புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அவற்றில் ஒன்று குளுட்டாமிக் அமிலம்; தனித்து உதிர்ந்து நிற்கும்போது அதைத்தான் குளுட்டமேட் என்கிறோம். பயறு வகைகளின் புரதத்தில் அது மிக அதிகம். மாலையில் கோத்திருக்கும் வரை அதற்கு ருசி கிடையாது. வெந்த கொள்ளை வாயில் போட்டு மென்றால் மண் வாசனையும் மாவும்தான் தெரியும். மாலை அறுந்து மணி மணியாக உதிர்ந்தால்தான் நாக்கு அதைக் கண்டுகொள்ளும். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கில் அடங்காத அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். நமக்கு அதற்குத் தனிப் பெயர் இல்லை. ‘ருசி பிடித்திருக்கிறது’ என்று சொல்லும்போது பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறோம். தாய்ப்பாலில் தனித்து நிற்கும் அமினோ அமிலங்களில் மிகுதியானது குளுட்டமேட். பசும்பாலில் உள்ளதைவிடப் பல மடங்கு. ஆகவே பிறந்த குழந்தைக்கும் இது பழகிய சுவை.

மாலையை அறுக்கும் வேலையை ஙப்பியில் மீனே செய்துகொள்கிறது. ‘ஙா’ என்றால் மீன், ‘பி’ என்றால் அழுத்தியது. உப்புப் போட்டு இடித்து அழுத்தி வைத்த மீனுக்குள், அதன் குடலிலும் தசையிலும் இருந்த நொதிகள் மாதக்கணக்கில் புரதத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். அழுக வைக்கும் கிருமிகளை உப்பு தடுத்துவிடும்; உப்பைத் தாங்கக்கூடிய சில மட்டும் பிழைத்துக் கிடக்கும். கொள்ளுச் சாற்றில் அந்த வேலை புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுடையது. ஷான் மலைநாட்டில் சோயாவைப் புளிக்கவைத்து அப்பளம் போலத் தட்டிக் காயவைக்கும் ‘பே-போ’விலும் அதே கதைதான். அங்கே வெட்டுவது பாசில்லஸ் என்னும் பாக்டீரியா. சுட்டுப் பொடித்துத் தூவினால் கருவாட்டை நினைக்காமல் இருக்க முடியாது.

கருமைக்கும் சுட்ட இறைச்சியின் மணத்துக்கும் காரணம் வேறு. சாறு சுண்டும்போது உதிர்ந்த அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப் பொருள்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912இல் இதை விளக்கினார். ஆட்டுக்கறிச் சுக்காவின் ஓரம் கருகி வரும்போது எழும் மணமும் தோசையின் முறுகலும் இதே வினையால் வருபவை. கறியின் வாசனை என்று நாம் நம்புவதில் ஒரு பெரும் பங்கு, உண்மையில் சூட்டின் வாசனை.

ஆனால் இறைச்சிக்கு ஒரு கை கூடுதல் பலம் உண்டு. உயிரோடிருக்கும் தசைக்கு ஆற்றல் தருகிற ஏடிபி, உயிர் போன பிறகு சிதைந்து இனோசினேட் என்ற பொருளாகிறது. 1913இல் ஷிந்தாரோ கொடாமா இதை உலர்மீனில் கண்டார். குளுட்டமேட்டோடு இது சேர்ந்தால் ருசி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். நாக்கில் இந்தச் சுவையைப் பிடிக்கும் ஏற்பி, திறந்த பாக்குவெட்டி போன்றது. குளுட்டமேட் அதன் மூட்டருகே போய் உட்கார்ந்ததும் இரண்டு அலகுகளும் மூடிக்கொள்கின்றன. இனோசினேட் வாய்ப்பக்கம் வந்து, திறந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. எவ்வளவு நேரம் மூடியிருக்கிறதோ அவ்வளவு நேரம் மூளைக்குச் செய்தி போகும். கறிக்குழம்பு சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் வாயில் ருசி நிற்பது இதனால்தான்.

செடிகளில் இனோசினேட் கிடையாது என்றே சொல்லலாம். அதன் பங்காளியான குவானிலேட், உலர்ந்த காளானில் நிறைய இருக்கிறது. அதே இடத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறது. அத்தைக்கு இந்த வேதியியல் எதுவும் தெரியாது. கோன்சேடான் தெருக் காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் தெய்ன்ஜி சந்தையில் உலர்காளான் வாங்கி, ஊறவைத்த தண்ணீரோடு போன்யேஜியைக் கரைத்துக் குழம்பில் ஊற்றினார். நான் மூன்று கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். கவுச்சி மட்டும்தான் இல்லை. கடல் மீன் கெடத் தொடங்கும்போது உண்டாகும் டிரைமெதில் அமீன் என்ற வாயுவின் வாடை அது. புளி அதை ஆவியாக விடாமல் உப்பாகக் கட்டிப்போடும் என்பதால்தான் மீன் குழம்புக்குப் புளியை இவ்வளவு அள்ளிப் போடுகிறோம்.

நாக்கைப் பொறுத்தவரை, உயிரைக் கொல்லாமலே கறியின் ருசியில் பெரும்பகுதியை அடைய முடியும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். இதில் எனக்கு அக்கறை உண்டு. சின்ன இறாலில் செய்கிற ஙப்பியில் ஒரு கரண்டி எடுத்தால், அதற்குள் எத்தனை உயிர் என்று எண்ண முடியாது. ஏர் இழுத்த மாட்டைத் தின்னக் கூடாது என்று பர்மிய பௌத்தத் துறவி லெடி சயாடோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியதை இன்றும் மதித்து மாட்டிறைச்சியைத் தொடாத பர்மியக் குடும்பங்கள் எவ்வளவோ. அதே வீடுகளில் இறால் பசை வேளாவேளைக்கு இலையில் விழுகிறது. மாட்டுக்கு முகம் இருக்கிறது, நம்மோடு பழகியிருக்கிறது. இறாலுக்கு அது வாய்க்கவில்லை. அறிவியல் இப்போது அந்தப் பக்கமும் பார்க்கிறது. இறால், நண்டு வகைகள் வலியை உணர்கின்றன என்பதற்கான சான்றுகளை ஆய்ந்த பிறகு, பிரிட்டன் 2022இல் அவற்றையும் உணர்வுள்ள விலங்குகள் என்று சட்டத்தில் சேர்த்தது.

புலால் இல்லாத உணவுக்குப் பர்மிய மொழியில் ‘தெத் தத் லுத்’ என்று பெயர். உயிர், கொலை, விடுபட்டது என்று மூன்று சொற்கள். நாம் ‘சைவம்’ என்று ஒரு சமயத்தின் பெயரைச் சொல்கிறோம். அவர்கள் செயலைச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இன்னொரு வேறுபாடு இருக்கிறது. அதுதான் அத்தையை நோயில் தள்ளியது.

அது பால். நம் சைவச் சாப்பாடு தயிர், மோர், நெய்யில் நிற்கிறது. பர்மியச் சமையலிலோ பாலுக்குப் பழைய காலத்திலிருந்தே பெரிய இடம் கிடையாது. டீக்கடையின் டின் பாலைத் தவிர்த்தால், அடுப்படியில் பாலே தென்படாத வீடுகள் உண்டு. ஆகவே முட்டையும் சேர்க்காத தெத் தத் லுத் சாப்பாடு, இன்று உலகம் வீகன் என்று சொல்லும் சாப்பாடாகவே ஆகிவிடுகிறது. அத்தை அமாவைப் பார்த்துப் பார்த்துச் சமைத்து, கன்றின் பாலைப் பறிப்பதும் பாவம் என்று மோரையும் நிறுத்திவிட்டார். அந்த முடிவில் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்துபோன ஒன்றை வேறு வழியில் ஈடுகட்டவில்லை என்பதே குறை.

சில வருடங்கள் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் காளி கோயில் படியிறங்கி வந்தவரின் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் சர்க்கரை நோயின் தலையில் போட்டிருந்தோம். பார்த்த மருத்துவரும் முதலில் அப்படித்தான் சொன்னார். நாக்கு வழவழவென்று சிவந்திருப்பதை இன்னொருவர் கவனித்து, இரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னார். அடிமட்டத்தில் இருந்தது.

வைட்டமின் பி12ஐ எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியாவும் அதன் தூரத்து உறவான ஆர்க்கியாவும் மட்டுமே செய்கின்றன. மாட்டின் இரைப்பையில் வாழும் பாக்டீரியா செய்வது மாட்டின் ஈரலுக்கும் தசைக்கும் பாலுக்கும் போகிறது. நம் குடலிலும் அப்படிப்பட்டவை உண்டு. ஆனால் அவை பெருங்குடலில் இருக்கின்றன. பி12ஐ உறிஞ்சும் இடமோ அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசியில். உறிஞ்சப்படவும் ஒரு துணை வேண்டும்: இரைப்பை சுரக்கிற ‘உள்ளார்ந்த காரணி’ என்ற புரதம் அதைக் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். இந்தத் துணைக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம்தான் சுமக்க முடியும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். ஒரு பெரிய டம்ளர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் இருக்கும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை இந்த உறிஞ்சலை இன்னும் குறைக்கும். அத்தை அதையும் வருடக்கணக்காகச் சாப்பிட்டுவந்தார்.

ஈரல் இதைச் சில மில்லிகிராம் அளவுக்குச் சேமித்து வைக்கிறது. நாள் தேவை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்றது என்பதால், பாலை நிறுத்தியவருக்குக் குறை தெரிய ஆண்டுகள் ஆகும். இன்னும் ஆபத்தான ஒன்று உண்டு. பி12 குறைந்தால் இரத்த அணுக்கள் முதிராமல் பருத்து, சோகை வரும். சோகை வந்தால் மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார். பருப்பும் கீரையும் நிறையச் சாப்பிடுகிறவருக்கு ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால் அந்தச் சோகை மறைந்து நிற்கும். நரம்பைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை மட்டும், மின்கம்பியின் ரப்பர் உரிவது போல, சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். நல்ல சாப்பாடே நோயை மூடி மறைக்கிறது.

புளித்த கொள்ளில், சோயாவில் பி12 இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். புளிக்க வைக்கும் பாக்டீரியா எல்லாம் அதைச் செய்வதில்லை; அந்த நம்பிக்கையில் உடம்பை வைக்கக் கூடாது. போகிற போக்கில் இரும்புச் சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் டீக்கடைகளில் மேசைக்கு மேசை இலவசமாக வைக்கும் வெறுந்தேநீரைச் சோற்றோடு குடித்தால், பயறிலுள்ள இரும்பை உடம்பு எடுப்பது வெகுவாகக் குறையும். எலுமிச்சை பிழிந்தால் கூடும். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

அத்தைக்கு முதலில் ஊசி போட்டார்கள். ஊர்ச்சல் குறைந்தது, பெருவிரலின் மரத்த பகுதி மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பிறகு மாத்திரை. 1,000 மைக்ரோகிராம் போலப் பெரிய அளவில் விழுங்கினால், துணைப் புரதம் இல்லாமலே நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போய்விடும். அதுவே ஒரு நாளுக்கு மிகுதி.

முதல் அட்டையைக் கையில் வாங்கியபோது அத்தை என்னைத்தான் கேட்டார். “இது எந்த மாட்டின் ஈரலப்பா?” ஒரு காலத்தில் ஈரலைத் தின்னக் கொடுத்துத்தான் இந்தச் சோகைக்கு வைத்தியம் பார்த்தார்கள். அதைக் கண்டறிந்த மூவருக்கு 1934இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஈரலுக்குள் இருந்த அந்தச் செந்நிறப் பொருளை 1948இல் தனியே பிரித்தார்கள். நடுவில் ஒரு கோபால்ட் அணுவைத் தாங்கிய அதன் சிக்கலான வடிவத்தை டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர் கொண்டு கண்டார். இன்றைக்கு ஈரல் தேவையில்லை. பெரிய தொட்டிகளில் பாக்டீரியாவுக்குத் தீனி போட்டுப் புளிக்கவைத்து எடுக்கிறார்கள். “உங்கள் கொள்ளுப் பசை போலத்தான், அத்தை” என்றேன்.

அவர் விடவில்லை. அட்டையை வெளிச்சத்தில் திருப்பி, மாத்திரையா கேப்சூலா என்று பார்க்கச் சொன்னார். கேப்சூலின் கூட்டைப் பெரும்பாலும் மாட்டெலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டினால் செய்வார்கள் என்று அமா சொல்லியிருக்கிறாராம். மாத்திரைதான் என்று நான் படித்துச் சொன்ன பிறகே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.