வீட்டைக் காலி செய்த பிறகு அட்வான்ஸ் எப்போது கைக்கு வரும்?

“அடுத்த ஆள் வரட்டும், அவர் அட்வான்ஸ் கொடுத்ததும் உங்களுடையதைத் தந்துவிடுகிறேன்.” வீடு காலி செய்யும் பலர் கேட்டுப் பழகிய பதில். தமிழ்நாட்டுச் சட்டத்தில் இப்படிக் காத்திருக்க வைக்க இடமில்லை.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், வாடகைக்கு இருந்தவர் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதன் 11-வது பிரிவு. புது ஆள் வந்தாரா, வரவில்லையா என்பது உங்கள் கவலை இல்லை.

அதே பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று கூடவே ஒரு வாசலும் வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் நடமாடுகிறது.

சண்டை பெரும்பாலும் பெயின்டில்தான் வரும். ஒரு மாத வாடகையைப் ‘பெயின்டிங்’ என்று கழிப்பது பல ஊர்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. சட்டத்தின் இரண்டாவது அட்டவணையோ வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் உரிமையாளர் கணக்கில் எழுதியிருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் கணக்கு. புழங்கியதால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்கு உங்களிடம் காசு கேட்க முடியாது. காலண்டர் மாட்டிய ஆணித்துளை என் பார்வையில் தேய்மானம். டிவி ஸ்டாண்டைப் பிடுங்கும்போது பெயர்ந்து வந்த சிமென்ட் பூச்சு சேதம்.

சரி, இங்கேயும் அந்த வாசல் உண்டு. ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குக் கழிக்கப்படும்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், அட்டவணையைக் காட்டி வாதாடுவது கஷ்டம். குடிபோகும் நாளிலேயே அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு வினை: 1,50,000 ரூபாய் கொடுத்துவிட்டு, முத்திரைத்தாள் செலவு குறையும் என்று ஒப்பந்தத்தில் 50,000 என்று எழுதுவது. மீதி லட்சத்துக்கு உங்களிடம் என்ன சாட்சி? முழுத்தொகையையும் எழுதுங்கள், வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமித்த அலுவலர்) இணையத்தில் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவில்லாத ஒப்பந்தம் வழக்கில் சான்றாக நிற்பது சிரமம்.

காலி செய்யும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். இபி மீட்டரைப் படம் பிடியுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், ‘பில் வரட்டும், பார்க்கலாம்’ என்று இழுக்க அது நல்ல சாக்கு. அன்றைய ரீடிங்கை வைத்துக் கணக்குப் போட்டு முடித்துவிடுங்கள். சாவி கொடுத்ததும், ‘இன்று சாவி ஒப்படைத்துவிட்டேன்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். ஒரு மாதக் கணக்குக்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.

மாதம் தாண்டியும் பணம் வரவில்லையா? பாக்கித் தொகையையும் கெடுவையும் குறித்து, கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால், இதே சட்டத்தின் கீழ் அமைந்த வாடகை நீதிமன்றம் இருக்கிறது. போகும்போது ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை, அந்த வாட்ஸ்அப் வரி, தபால் ஒப்புகை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எடுத்துப் போங்கள்.