காசநோயாளிக்கு மாதம் ரூ.1,000: பணம் எங்கே சிக்கிக்கொள்கிறது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்பவருக்கோ சோமனூரில் தறி ஓட்டுபவருக்கோ காசநோய் வந்தால் முதலில் நிற்பது கூலி. அடுத்து, தட்டிலிருந்து முட்டையும் பருப்பும் போகும். மருந்தைச் சரியாக எழுதிக் கொடுத்தாலும் உடம்பில் சத்து இல்லாவிட்டால் நோயாளி தேறுவது கடினம்.

அதற்காகத்தான் சத்துணவுக்குப் பணம் தரும் மத்திய அரசுத் திட்டமான நிக்ஷய் போஷண் யோஜனா. 2018-இல் மாதம் ரூ.500 என்று தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து ரூ.1,000. வழக்கமான ஆறு மாதச் சிகிச்சைக்கு இரண்டு தவணை: நோய் உறுதியானதும் ரூ.3,000, 84 நாள் சிகிச்சை முடிந்ததும் ரூ.3,000.

இதற்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைய வேண்டாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளிக்கும் உரிமை உண்டு. "உங்கள் ஊரில் போய் வாங்கிக்கொள்" என்று அவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

தனியார் மருத்துவரிடம் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். காசநோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். ஆனாலும் எழுதாமல் விடுகிறார்கள். காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பெயர் ஏறாவிட்டால் ஒரு ரூபாயும் வராது. மருந்துச் சீட்டு வாங்கும்போதே அந்தப் பதிவுக்கான நிக்ஷய் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் காசநோய்ப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

அடுத்த சிக்கல் வங்கிக் கணக்கு. மில் மாறும்போதெல்லாம் புதுச் சம்பளக் கணக்கு திறப்பார்கள். பழையது இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாமல் கிடந்தால் முடங்கிவிடும். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர் இருந்தாலும் பணம் நின்றுவிடும். சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியோடு இணைந்த பிறகு கிளைக் குறியீடு மாறியது. பழைய பாஸ்புக்கின் நகலையே கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சுகாதார நிலையம் வங்கியைக் காட்டும், வங்கி சுகாதார நிலையத்தைக் காட்டும். இருமிக்கொண்டே அந்த மனிதர் பஸ் ஏறி அலைய வேண்டும். பணம் திரும்பியது ஏன் என்று ஒருவரும் அவரை அழைத்துச் சொல்வதில்லை. கணக்கு நடப்பில் இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதல் வாரமே வங்கியில் கேட்டுவிடுங்கள். மில் விடுதியில் தங்கும் பெண்கள், பாஸ்புக் வார்டனிடம் இருந்தால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். எடை பார்க்கும்போதே "வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள், தவணை வந்ததா?" என்று கேளுங்கள். அதுவும் சிகிச்சைதான்.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள் வேலையை விட்டுவிட அவசரப்பட வேண்டாம். காசநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் உண்டு. அது சம்பளத்தில் 80 சதவீதம். ஆனால் இரண்டு ஆண்டுத் தொடர் வேலையும் சந்தாக் கணக்கும் கேட்பார்கள். சம்பளத்தில் பிடித்த தொகையை ஒப்பந்தக்காரர் கட்டியிருக்கிறாரா என்று இப்போதே பாருங்கள்.

தவணை வராவிட்டால் நிக்ஷய் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 1800-11-6666 என்ற இலவச எண்ணை அழையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள்.