உங்கள் கணினியே கேட்டு வாங்கும் விதிகள்

அலுவலக லேப்டாப்பில் வால்பேப்பரை மாற்றப் போனால், சில சமயம் அந்த இடமே மங்கலாகக் கிடக்கும். அட்மின் எங்கோ உட்கார்ந்து தடுக்கிறார் என்று தோன்றும். ஆனால் அந்தத் தடையைப் போய்க் கேட்டு வாங்கி வந்தது உங்கள் கணினிதான்.

விண்டோஸில் இதற்கு குரூப் பாலிசி என்று பெயர். விண்டோஸ் 2000-இல், நிறுவனத்தின் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு சேர்ந்து வந்தது. தனிக் கணினிக்கும் லோக்கல் பாலிசி உண்டு: கடவுச்சொல்லுக்கு எத்தனை எழுத்து வேண்டும், எத்தனை முறை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்றெல்லாம் அதில் வைக்கலாம். பத்துக் கணினிக்கு அது போதும். ஆயிரம் கணினிக்கு?

விதிகளை டொமைன் கன்ட்ரோலரில் (டொமைன் எனப்படும் நிறுவனக் கணினிக் குழுவை நிர்வகிக்கும் சர்வர்) சிஸ்வால் என்ற பகிர்வு ஃபோல்டரில் வைத்துவிடுவார்கள். கணினி பூட் ஆகும்போது அங்கே போய்ப் படிக்கும். அப்புறம் 90 நிமிடத்துக்கு ஒருமுறை. அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை தன்னிஷ்டத்துக்குக் கூட்டிக்கொள்ளும். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் சர்வரை மொய்க்கக் கூடாதே! அட்மின் மாற்றிய விதி உடனே வந்து சேராததற்கும் இதுதான் காரணம். அவசரமென்றால் 'ஜிபிஅப்டேட்' கட்டளை இருக்கிறது.

விதிகள் மோதிக்கொண்டால்? முதலில் லோக்கல், பிறகு சைட் (கணினி இருக்கும் நெட்வொர்க் இடம்), டொமைன், கடைசியாக ஓயூ (டொமைனுக்குள் பிரித்த சிறு பிரிவு) என்ற வரிசையில் படிக்கும். பொதுவாகக் கடைசியில் வந்ததே நிற்கும். ஆக, நீங்கள் கணினியில் வைத்த விதிக்குத்தான் பலம் குறைவு. டொமைன் கணக்குகளின் கடவுச்சொல் விதி மட்டும் இதில் விலக்கு. அதை ஓயூவில் வைத்தால் அந்தக் கணினிகளின் லோக்கல் கணக்குகளுக்கே பொருந்தும். புது அட்மின்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் புகுந்து பாதுகாப்பு விதியை மாற்றினாலும் நிலைக்காது. சர்வரில் எதுவும் மாறாவிட்டாலும், 16 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு அமைப்புகள் திரும்பப் பதியப்படும்.

கேட்டு வாங்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. கணினிகள் படிக்க வேண்டுமென்றால் சிஸ்வால் ஃபோல்டர், டொமைனில் உள்ள எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2008-உடன் வந்த குரூப் பாலிசி பிரிஃபரன்சஸ் என்ற கூடுதல் வசதி, லோக்கல் அட்மின் கடவுச்சொல்லையே அந்த ஃபோல்டரில் வைக்க வழி செய்தது. ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்துதான் வைத்தது. ஆனால் அதைத் திறக்கும் சாவியை மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே வெளியிட்டிருந்தது! வீட்டைப் பூட்டிச் சாவியை வாசலில் மாட்டிய கதைதான். 2014 மே மாதம் வந்த திருத்தம், புதிதாகக் கடவுச்சொல் சேர்ப்பதை நிறுத்தியது. ஏற்கெனவே கிடந்த கோப்புகளை அது தொடவில்லை; அட்மின்களே தேடிப்பிடித்து அழிக்க வேண்டியிருந்தது.