பழைய ஃபிரிட்ஜுக்கு யார் காசு கொடுப்பது?

ஓடாத ஃபிரிட்ஜைக் காயலான் கடையில் போட்டால் நமக்குச் சில நூறு ரூபாயாவது கிடைக்கும். "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்திலிருந்தே நம் ஊரில் பழைய சாமானைப் போடுகிறவர் வாங்குவார், எடுத்துப் போகிறவர் கொடுப்பார். ஆனால் அதே ஃபிரிட்ஜைத் தூக்கிப்போட ஜப்பானில் சொந்தக்காரர்தான் பணம் கட்ட வேண்டும். சுவிட்சர்லாந்திலோ புது ஃபிரிட்ஜ் வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணம் என்று ரசீதில் ஒரு தொகை சேர்ந்து வரும். உள்ளே இருக்கும் இரும்பும் செம்பும் எல்லா ஊரிலும் ஒன்றுதான், அப்புறம் ஏன் ஓர் ஊரில் அது வரவாகவும் இன்னோர் ஊரில் செலவாகவும் இருக்கிறது?

உடைக்கிற விதம்தான் காரணம். காயலான் கடையில் முதலில் கம்ப்ரசரைப் பிடுங்குவார்கள், ஏனென்றால் உள்ளே செம்புக் கம்பி இருக்கிறது. குழாயை வெட்டும்போது "உஸ்" என்று வெளியேறும் குளிரூட்டும் வாயுவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பழைய மாடல்களில் இருந்த சி.எஃப்.சி-12 என்ற வாயு ஓசோன் படலத்தை அரிப்பதோடு, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 10,000 மடங்கு சூடேற்றும். ஃபிரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் நுரையிலும் இதன் உறவுக்கார வாயு அடைபட்டிருக்கும். முறையாகச் செய்வதென்றால் முதலில் வாயுவையும் எண்ணெயையும் உறிஞ்சி எடுக்க வேண்டும், பிறகு மூடிய அறைக்குள் வைத்துப் பெட்டியை அரைக்க வேண்டும், நுரையிலிருந்து வருவதையும் பிடித்து அழிக்க வேண்டும். இந்த வேலைகளில் ஒரு பைசா வருமானம் கிடையாது, செலவு மட்டும்தான். பழைய டப்பா டிவியின் ஈயக் கண்ணாடி, குழல் விளக்கின் பாதரசம், புரோமின் கலந்த பிளாஸ்டிக் எல்லாம் இதே கதைதான். ஆக, காயலான் கடையில் நமக்குக் கிடைக்கும் அந்தச் சில நூறு ரூபாயில் ஒரு பகுதி, செய்யாமல் விட்ட வேலையில் மிச்சமான பணம்.

மின்கழிவுக்கு ஒரு தேசிய ஏற்பாடு என்றால், என்னைப் பொறுத்தவரை, அது இந்த நஷ்ட வேலைக்குப் பணம் தேடும் ஏற்பாடுதான். லாபமான பகுதிக்கு எந்தச் சட்டமும் வேண்டாம். சர்க்யூட் போர்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: நல்ல சுரங்கத்தின் தாதுவில் டன்னுக்குச் சில கிராம் தங்கம் கிடைத்தால் பெரிய விஷயம், ஆனால் கம்ப்யூட்டர் போர்டுகளில் டன்னுக்கு 200 கிராம் வரைகூடக் கிடைக்கும். அதைச் சேகரிக்கச் சொல்லி யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இருந்தும் 2022-ல் உலகம் முழுக்கச் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே என்று ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. மீதியில் குப்பைமேட்டுக்குப் போனதும் உண்டு, கணக்கில் வராத கைகளுக்குப் போனதும் உண்டு.

சரி, அந்தப் பணத்தை எந்த நேரத்தில், யாரிடம் வாங்குவது? ஒவ்வொரு நாட்டின் ஏற்பாடும் எப்படி நடக்கும் என்பதை இந்த ஒரு கேள்வியே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

சுவிட்சர்லாந்து வாங்கும்போதே வாங்கிவிடுகிறது. இதில் வேடிக்கை, இதை முதலில் தொடங்கியது அரசாங்கம் அல்ல. வீட்டுச் சாதனங்களுக்காக 1990-ல் சென்ஸ் என்ற அமைப்பு வந்தது, கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு நிறுவனங்களின் சங்கமான ஸ்விக்கோ 1994-ல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது, சட்டம் 1998-ல்தான் வந்து சேர்ந்தது. இப்படி வசூலாகும் கட்டணம் ஒரு பொது நிதிக்குப் போகிறது, சேகரிப்பு மையத்துக்கும் லாரிக்கும் பிரித்தெடுக்கும் ஆலைக்கும் அதிலிருந்து பணம் வருகிறது. பழையதைக் கொடுப்பது முழுக்க இலவசம். அந்த வகைப் பொருளை விற்கிற எந்தக் கடையிலும் கொடுக்கலாம், அங்கே வாங்கியிருக்க வேண்டியதில்லை, புதிதாக எதையும் வாங்க வேண்டியதும் இல்லை. போடுவதற்குக் காசும் இல்லை, அலைச்சலும் இல்லை என்றால் மக்கள் கொண்டுவந்து போடத்தான் செய்வார்கள்.

இந்த நிதி ஓய்வூதியத் திட்டம் மாதிரி. இன்று ஃபோன் வாங்குகிறவர் கட்டும் பணம் அவருடைய ஃபோனுக்காகச் சேமிக்கப்படுவதில்லை, இன்று திரும்பி வரும் யாரோ ஒருவரின் பழைய டிவிக்குச் செலவாகிறது. நல்லது என்னவென்றால், மூடிப்போன கம்பெனிகளின் பொருளுக்கும் பணம் இருக்கும். சிக்கல் என்னவென்றால், விற்பதும் திரும்பி வருவதும் எப்போதும் ஒத்துப்போகாது: கடையில் எடை குறைந்த தட்டை டிவி விற்றுக்கொண்டிருந்த வருடங்களில் ஆலைக்கு வந்தது முப்பது கிலோ டப்பா டிவி. அதனால் கட்டணத்தை அவ்வப்போது ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜப்பான் இதற்கு நேர் எதிர். 2001-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி இந்த நான்கையும் போடும்போது சொந்தக்காரர் மறுசுழற்சிக்கும் லாரிக்கும் பணம் கட்ட வேண்டும். பணம் கட்டிய சீட்டை அந்தப் பொருளிலேயே ஒட்டி அனுப்புவார்கள். உற்பத்தியாளர்களே ஆலை நடத்துகிறார்கள், பேனசோனிக்கின் ஆலை ஹியோகோ மாகாணத்தில் இருக்கிறது. எந்தத் திருகைக் கழற்றக் கஷ்டமாக இருக்கிறது என்று ஆலைக்காரர் வடிவமைப்பாளருக்கு நேரடியாகச் சொல்ல முடிகிறது, இது மற்ற ஏற்பாடுகளில் அவ்வளவு எளிதில் நடக்காத விஷயம். ஆனால் போடுவதற்குக் காசு என்றதும் சிலர் ராத்திரியில் மலையோரத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள், சட்டம் வந்த முதல் சில வருடங்களில் அது கூடவும் செய்தது. கட்டுப்பாட்டுக்குப் பேர்போன ஊரிலேயே இந்தக் கதை என்றால், காசு வாங்கிப் பழகிய நம்மிடம் கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, உற்பத்தியாளர் தலையில் பொறுப்பைக் கட்டுவது. 1990-ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் முன்வைத்த யோசனை இது, 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாக்கியது. இந்தியாவும் இந்த வழிதான். 2011-ல் முதல் விதிகள், 2016-ல் இரண்டாவது, இப்போது நடைமுறையில் இருப்பது 2022 நவம்பரில் வெளியாகி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

கணக்கு எப்படி என்றால், ஒரு ஃபிரிட்ஜின் ஆயுள் பத்து வருடம் என்று வைத்துக்கொள்வோம், பத்து வருடத்துக்கு முன் நீங்கள் 1,000 டன் ஃபிரிட்ஜ் விற்றிருந்தால் அதில் இத்தனை சதவீதத்தை இந்த வருடம் மறுசுழற்சி செய்தாக வேண்டும். முதல் இரண்டு வருடங்களுக்கு 60, அடுத்த இரண்டுக்கு 70, 2027-28 முதல் 80 சதவீதம். கம்பெனி தானே ஃபிரிட்ஜைத் தேடி அலைய வேண்டியதில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் உலோகத்தைப் பிரித்தெடுத்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அவருக்குச் சான்றிதழ் உருவாகும், கம்பெனி அதை விலைக்கு வாங்கிக் கணக்கைத் தீர்க்கும். அந்த விலைதான் நஷ்ட வேலைக்கான பணம்.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்: தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு, இந்த நான்குக்கு மட்டும். தங்கத்தைத் தவிர மற்ற மூன்றும் சட்டமே இல்லாவிட்டாலும் காயலான் கடைக்காரர் கடைசித் துண்டு வரை விடாமல் எடுப்பவை! நுரையிலிருந்து பிடித்த வாயுவுக்குச் சான்றிதழ் இல்லை, ஹார்டு டிஸ்க் காந்தத்தில் இருக்கும் அரிய மண் உலோகங்களுக்கும் இல்லை. பதிவுபெற்ற ஆலைக்குத் தனி நிபந்தனைகள் உண்டு என்பது உண்மைதான், ஆனாலும் பணம் போகிற திசை வேறாக இருக்கிறது. அரிய கனிமங்களை மீட்பதற்கென்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு தனியாக 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்க வேண்டிவந்தது.

விலையும் ஒரு சண்டை. சான்றிதழ் மலிந்தால் மறுசுழற்சியாளர் அடிமாட்டு விலைக்கு விற்பார், அந்த விலையில் ஒழுங்காக வேலை செய்யவும் முடியாது, சிலர் வேலையே செய்யாமல் காகிதம் மட்டும் விற்பார்கள். பிளாஸ்டிக்குக்கான இதே பாணித் திட்டத்தில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் 2023-ல் பிடிபட்டன. இதற்காகத்தான் மின்கழிவுச் சான்றிதழை இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று அரசு தரை விலை ஒன்றை நிர்ணயித்தது, வீட்டு மின்னணுப் பொருட்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய். எல்ஜி, சாம்சங், டைகின் போன்ற கம்பெனிகள் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சந்தை விலையை அரசு ஏன் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. வாயு பிடிக்கிற வேலைக்குச் சந்தையில் விலையே கிடையாது, அதனால் இந்த இடத்தில் நான் தரை விலையின் பக்கம்.

என் குறை வேறு இடத்தில். 2022 விதிகளில் உற்பத்தி செய்பவர், சந்தைக்குக் கொண்டுவருபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என்று நான்கு பேருக்குத்தான் பதிவு. சேகரிப்பவருக்கும் கையால் பிரிப்பவருக்கும் அதில் இடமில்லை. நாட்டின் மின்கழிவில் பெரும்பகுதி யார் கை வழியாகப் போகிறதோ அவர்கள் சட்டத்தின் கண்ணில் இல்லை. டெல்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் போர்டை எரித்தும் அமிலத்தில் முக்கியும் உலோகம் எடுப்பதற்குப் போய்ச் சேரும் சரக்கு இந்தக் கைகள் வழியாகத்தான் போகிறது.

அமிலத்தில் முக்கினால் தங்கத்தில் பெரும்பகுதி வீணாகும், பெல்ஜியத்தின் ஹோபோகன் மாதிரிப் பெரிய உருக்காலையில் கிட்டத்தட்ட முழுவதும் கிடைக்கும். அப்படியானால் கையால் பிரிப்பதை இங்கேயே நம்மவர்கள் செய்யட்டும், அதில் நாம் இயந்திரத்தைவிடக் கெட்டிக்காரர்கள், போர்டை மட்டும் உருக்காலைக்கு அனுப்பலாம் என்று பெங்களூரில் முயன்று பார்த்தார்கள். கணக்குப்படி எல்லோருக்கும் கூடுதல் லாபம். ஆனால் உருக்காலையில் சாம்பிள் எடுத்து, சோதித்து, பணம் அனுப்ப மாதக்கணக்காகும், தள்ளுவண்டிக்காரருக்கோ சாயங்காலமே கையில் காசு வேண்டும். அமிலத் தொட்டிக்காரர் உடனே கொடுப்பார்.

அதனால் சான்றிதழ் பணத்தில் ஒரு பங்கை, ஆலை வாசலில் இல்லாமல் சேகரிப்பு வாசலில் அன்றன்றைக்கே கொடுக்கும்படி விதியை மாற்ற வேண்டும் என்பேன். கம்ப்ரசர் பிடுங்காத முழு ஃபிரிட்ஜுக்கு ஒரு விலை, பிடுங்கியதற்குக் குறைந்த விலை. காயலான் கடையில் கிடைப்பதைவிட நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தெரிந்தால் ஃபிரிட்ஜ் முழுசாகவே ஆலைக்கு வரும், வாயுவும் உள்ளேயே இருக்கும்.